மூன்று கோடு போட்ட சுழி

அச்சகத்துக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் என்று என்னிடமும் எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் எழுதியதைக் கோத்தேன். எழுதியது இல்லை.

ஆனால் நான் அங்கே போய் இருக்கும்போது, இப்போது கணினியில் வேலை செய்கிற பிள்ளைகள் ஒன்று கேட்டார்கள். "குணமண்ணை, பேர் ஊர் இல்லாத நோட்டீஸ் வந்தால் ஏன் எழும்பிப் போறியள்?" போன மாதம் ஒரு பெண்ணைப் பற்றி எல்லோருடைய கைபேசியிலும் ஏதோ ஓடியது. அவர்கள் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். அதைக் கண்டுதான் கேட்டார்கள். அதற்கு இது பதில்.

மானிப்பாயில் அச்சகம். பதினாறு வயதில் போனேன். ஆறு மாதம் கூட்டினேன், மை உருளை துடைத்தேன், நிலத்தில் விழுந்த எழுத்துகளைப் பொறுக்கினேன். அதன் பிறகுதான் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். சாய்ந்த பெரிய மரப் பெட்டி. உள்ளே சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு எழுத்து. எல்லாம் ஈயம். இடது கையில் ஸ்ரிக் என்ற இரும்புச் சட்டம். வலது கையால் எழுத்தை எடுத்து, தலைகீழாக அதில் அடுக்க வேண்டும். ஒரு வரி, அடுத்த வரி. அதுதான் கோப்பது. கண் பிரதியில் இருக்கும். கை தானாகப் பெட்டிக்குப் போய் வரும்.

முதலாளியை நாங்கள் ஐயா என்போம். மெலிந்த மனிதர். காதில் சிவப்புப் பென்சில் இருக்கும். ஏசமாட்டார். பிழை விட்டால், பிழை பார்க்க அடித்த தாளை என் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று யன்னலைப் பார்ப்பார். பிழையை நான் கண்டுபிடிக்கும் வரை நிற்பார். ஒருமுறை முக்கால் மணித்தியாலம் நின்றார். அதை விட இரண்டு அடி போட்டிருக்கலாம்.

அவர் எனக்கு முதலில் சொன்ன சொல், "வாசியாதையும். கோத்தால் காணும்."

வாசித்தால் பிழை வரும். மனம் முந்திக்கொண்டு போகும். பிரதியில் இல்லாத சொல்லைக் கை எடுக்கும். எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். சேதியைப் பார்க்கக் கூடாது. அதைப் பழக எனக்கு மூன்று வருடம் எடுத்தது. பழகியபின் ஒருநாள் ஒரு மரண அறிவித்தல் கோத்தேன். பின்னேரம் வீட்டுக்குப் போனால் அம்மா அழுதுகொண்டு இருக்கிறா. சித்தப்பா செத்துப்போனார். நான் கோத்தது அவருடைய அறிவித்தல். பெயர், ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாம் என் கையால் போனது. எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஐயாவிடம் சொன்னேன். அவர் முதல்முறையாக என் தோளைத் தட்டினார். "இப்பதான் நீர் கொம்பசிற்றர்" என்றார். எழுத்துக் கோப்பவன் என்று அர்த்தம். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஐயாவுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. எந்த வேலையானாலும் கடைசியில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர் வரவேண்டும். அந்த வரி கோத்தபடியே ஒரு நூலால் கட்டி அவருடைய மேசையில் இருக்கும். கொடுத்தவர் நேரே வந்து, அடித்த தாளைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பிரதியை ஆறு மாதம் சுவரில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்போம். "பேர் போட வெக்கப்படுற வேலையை நாங்கள் ஏன் செய்யவேணும்?" என்பார்.

தொண்ணூறுக்குப் பிறகு யுத்தத்தில் மின்சாரம் இல்லை. மெசினைக் காலால் மிதித்தோம். தாள் வருவதில்லை. பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியைக் கிழித்துக் கலியாணக் கார்டு அடித்தோம். நீலக் கோட்டுக்கு மேல் மணமகன் பெயர், மணமகள் பெயர். ஆரும் குறை சொல்லவில்லை. தாள் கொண்டு வருகிறவருக்கு வேலை உடனே நடக்கும். அப்படிக் காலம்.

அந்தக் காலத்தில்தான் யோகேஸ்வரியைக் கொண்டுபோனார்கள். வீட்டில் யோகம். அச்சகத்திலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம் போனால் அவளுடைய ஊர். பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். இருபத்தாறு வயது. தாய் இல்லை. தகப்பன் கதிரவேலர், பள்ளிக்கூடம் ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர். காலமை எட்டு மணிக்குப் பாடசாலைக்குப் போனவள். ஒரு வான் வந்து நின்றதாம். சைக்கிள் வேலியில் சாத்தியபடி இருந்தது. பின்னால் கட்டிய சாப்பாட்டுப் பார்சல் சூடு ஆறவில்லை. கண்ட ஒரு மனிசி அவ்வளவுதான் சொன்னா. யார் கொண்டுபோனது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற காலம் இல்லை. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கதிரவேலர் போகாத இடம் இல்லை. ஆறு மாதம் நடந்தார். மார்கழியில் அராலிப் பக்கம் கடலேரிக் கரையில் கிடந்தது என்று ஒரு செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே ஒரு பெண்ணை ஏற்கெனவே புதைத்தும் விட்டார்களாம். செருப்பு யோகத்தினுடையது. அதோடு அவர் தேடுவதை விட்டார். உடல் இல்லாததால் தர்ப்பைப் புல்லால் உருச் செய்து எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆத்மா கரையேறச் செய்கிற கிரியை. வழக்கமாகச் செய்கிற கீரிமலைக் கடலுக்குப் போக வழியில்லை. வேறு கரையில் செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். பெயர்தான் கல்வெட்டு, சின்னப் புத்தகம். இறந்தவரின் வாழ்க்கை, அவர் மேல் பாடிய புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். யோகத்தின் கல்வெட்டு எங்களிடம் வந்தது. கதிரவேலர் தானே எழுதிக் கொண்டுவந்தார். கிளாக்கர் கை, முத்து முத்தான எழுத்து. இரண்டு நாளில் கோத்து முடித்தேன். அடித்த தாளில் கையெழுத்து வைக்கும்போது அவர் கேட்டார்: "தம்பி, ஏதேனும் பிழை கிடக்கோ?"

"இல்லை ஐயா."

"நல்லாயிருக்கோ?"

நான் வாசிக்கவில்லை. "ஓம்" என்றேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அவள் நடந்து வந்தாள்.

படலையைத் திறந்து உள்ளே போனாளாம். உடுத்திருந்தது அவளுடைய உடுப்பில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றினாளாம். கதிரவேலர் ஓடிவந்தபோது சொன்னாளாம்: "அப்பா, ஒருத்தரும் ஒண்டும் கேக்கக்கூடாது. கேட்டால் திரும்பிப் போயிடுவன்." அயல் வீட்டார் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது. பின்னேரத்துக்கிடையில் மானிப்பாய்ச் சந்தி வரை வந்துவிட்டது.

இப்போது என்றால் கைபேசி. அப்போது எங்கள் அச்சகம். கார்டு அடிக்க வருகிறவர்கள், பூசைப் பட்டியல் அடிக்க வருகிறவர்கள், எல்லோரும் இருந்து கதைத்துவிட்டுத்தான் போவார்கள்.

"உவள் இந்தியாவிலை நிண்டிட்டு வந்தவளாம்" என்றார் மகளின் கலியாணக் கார்டுக்கு வந்தவர். "காதிலை புதுத் தோடாம்."

"ஆர் கண்டது?" என்று கேட்டான் தேவன். தேவன் என்னோடு கோத்தவன். என்னிலும் பத்து வயது இளமை. வாய்க்காரன்.

"என்ரை மனிசி கோயில் கிணத்தடியிலை கண்டவள்."

"உங்கடை மனிசிக்குக் கண்ணிலை பூ எண்டல்லோ போன மாதம் ஆசுப்பத்திரிக்கு ஏத்தினனியள்?"

எல்லோரும் சிரித்தார்கள். பூசைப் பட்டியலுக்கு வந்த கோயில் மனேச்சர் சிரிக்கவில்லை. "பகிடி இல்லைத் தம்பி. பிடிச்சவங்கள் சும்மா விடுவாங்களோ? ஆரையோ காட்டிக் குடுத்திட்டுத்தான் வந்திருக்கிறாள்."

"ஆளே அவள் இல்லையாம்" என்றான் தேவன். "அவளைப்போலை வேறை ஒருத்தியாம். எரிச்சு அந்தியேட்டியும் செய்த ஆள் வருமோ?"

"தேப்பனுக்குமோ தெரியாது?" என்று கேட்டார் கார்டுக்கு வந்தவர்.

"தேப்பன் வாயே திறக்கிறேல்லையாம்."

மனேச்சர் என் பக்கம் திரும்பினார். "குணம், நீ என்ன சொல்லுறாய்?"

நான் கோத்துக்கொண்டு நின்றேன். தலையைத் தூக்காமல் சொன்னேன்: "ஏதோ நடந்துதான் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் நான் கதைக்காத ஆள். கதைக்காத ஆள் ஒரு சொல் சொன்னால் அதற்குப் பாரம் கூட. "குணமே சொல்லுறான்" என்று தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கிழமைக்குள் அந்தச் சொல் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. சந்தையில் கேட்டதாக மனைவி சொன்னா. நான் சொன்னது என்று அவவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பாலர் பாடசாலையில் யோகத்தைத் திரும்பவும் படிப்பிக்கச் சேர்த்தார்கள். ஆனால் அவளுடைய வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

பங்குனியில் ஐயாவுக்குக் காய்ச்சல். நாலு நாள் வரவில்லை. பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். முன்பின் காணாத ஆள். கையில் நல்ல வெள்ளைத் தாள், ஒரு கட்டு. வெள்ளைத் தாளைக் கண்டு எத்தனையோ மாதம்.

"ஒரு சின்ன நோட்டீஸ். அம்பது அடிச்சால் காணும். மிச்சத் தாளை நீங்களே வைச்சிருங்கோ."

"ஆர் குடுத்துவிட்டது?"

"எனக்குத் தெரியாது தம்பி. கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னவை. அச்சகப் பேர் போடவேண்டாமாம்."

நான் தாளைப் பார்த்தேன். தேவன் என்னைப் பார்த்தான். "ஐயாவுக்கு எங்கை தெரியப்போகுது?" என்றான்.

வாங்கினேன். அவசரம் என்று பிரதியை இரண்டாகக் கிழித்தோம். மேல் துண்டு தேவனுக்கு, கீழ்த் துண்டு எனக்கு. அப்படித்தான் எப்போதும் செய்வோம். என் துண்டை வெகு கெதியாகக் கோத்தேன். தெரிந்த கையெழுத்தைக் கோக்கும்போது விரல் தானாக ஓடும். அன்றைக்கு ஓடியது. ஏன் ஓடுகிறது என்று நான் நினைக்கவில்லை. மத்தியானத்துக்கிடையில் அடித்து, மை காயமுன்னமே கொடுத்துவிட்டோம். துண்டுகளைக் கம்பியில் குத்தினேன்.

அடுத்த நாள் காலமை தேவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணை, யோகத்தின்ரை ஊர்ச் சந்தி மதிலிலை ஒட்டிக்கிடக்கு. பாலர் பாடசாலைப் படலையிலையும் கிடக்கு. சனம் குவிஞ்சு நிண்டு வாசிக்குது."

"என்னது?"

"நாங்கள் அடிச்சது."

ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தான். அப்போதுதான் வாசித்தேன். "எட்டு மாதம் கழித்து வந்தவளுக்கு" என்று தலைப்பு. கீழே ஒன்பது கேள்வி. எங்கே வைத்திருந்தார்கள்? எத்தனை பேர்? யார் சோறு தந்தது? மூச்சிழுத்துத் தொய்வு வந்தபோது யார் பார்த்தது? உடுப்பு யாருடையது? இப்படிப் போனது. ஏழாவது கேள்வி: "ஏதோ நடந்துதான் இருக்கும் என்று ஊர் சொல்கிறது. என்ன நடந்தது?"

என் சொல். நான் சொல்லி, ஊர் சுமந்து, யாரோ எழுதி, என் கையாலேயே கோத்தது. ஏழாவது கேள்வி என் துண்டில் இருந்தது.

கல்லைப் பிடித்துக்கொண்டேன். கல் என்றது, கோத்த எழுத்தை வைத்துப் பூட்டுகிற மேசை.

ஐயா காய்ச்சலோடு வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். நோட்டீசை வாங்கி அடியைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. தன் மேசைக்குப் போய், நூலால் கட்டிய அந்தப் பெயர் வரியை எடுத்து வந்து கல்லின் மேல் என் முன்னால் வைத்தார். பிறகு வழக்கம்போல யன்னலைப் பார்த்து நின்றார். இந்தமுறை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவரும் நகரவில்லை.

அப்படி நாங்கள் நிற்கும்போதுதான் யோகம் வந்தாள்.

நான் அவளை முதல் தரம் கண்டது அன்றைக்கு. பெயர், பிறந்த நாள், குணம், படிப்பு எல்லாம் கோத்திருக்கிறேன். ஆளைக் கண்டதில்லை. வெள்ளைச் சீலை. மெலிவு. கையில் இரண்டு கடதாசி. தேவன் இரண்டு அடி பின்னால் போனான். பேயைக் கண்டதுபோல. உண்மையைச் சொன்னால், எனக்கும் மயிர் கூச்செறிந்தது.

கடதாசி இரண்டையும் கல்லின் மேல் விரித்தாள். ஒன்று நோட்டீஸ். மற்றது அவளுடைய கல்வெட்டு.

"இதை அடிச்சது நீங்கள்தான்" என்றாள்.

நோட்டீசைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

"இந்த 'ம'வைப் பாருங்கோ. தலையிலை ஒரு வெட்டு. கல்வெட்டிலை என்ரை அம்மாவின்ரை பேரிலை வருது. நோட்டீசிலை ஏழாம் கேள்வியிலை வருது. கல்வெட்டை எத்தினை தரம் வாசிச்சிட்டன் எண்டு எனக்கே தெரியாது. எனக்குப் பாடம்."

தன் கல்வெட்டைத் தானே பாடமாக்கிய ஆளை நான் வேறு கண்டதில்லை.

ஐயா கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ பிள்ளை. ஓம், இஞ்சைதான் அடிச்சது. பிழை எங்கடை."

"பிழை பிடிக்க வரேல்லை, ஐயா. எழுதினது ஆரெண்டு தெரியவேணும். பிடிச்சவங்கள் எழுதிவிட்டிருந்தால் நான் இனி இஞ்சை இருக்கேலாது. இருந்தால் அப்பாவையும் விடமாட்டாங்கள். ஊராள் ஆரும் எண்டால் இருக்கலாம். எனக்கு அதுதான் தெரியவேணும். நாளைக்குக் காலமை போறதோ, இருக்கிறதோ."

ஐயா என்னைப் பார்த்தார். பிரதியை மற்றவருக்குக் காட்டுவதில்லை என்பதும் அவருடைய சட்டம்தான். "எடும்" என்றார்.

கம்பியிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்து வந்து பொருத்தி வைத்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. உச்சியைத்தான் பார்த்தாள். உச்சியில் பிள்ளையார் சுழி இருந்தது. எங்கள் ஆட்கள் எதை எழுதினாலும் முதலில் போடுவது. கடிதத்துக்கும் போடுவோம், கடைச் சாமான் துண்டுக்கும் போடுவோம். பெயரை மறைத்து எழுதுகிறவனுக்கும் கை அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போகும். நோட்டீசுக்குச் சுழி தேவையில்லை என்று தேவன் கோக்காமல் விட்டிருந்தான்.

சுழிக்குக் கீழே எல்லோரும் இரண்டு கோடு இழுப்பார்கள். இதில் மூன்று.

அவள் விரலை அதன்மேல் வைத்தாள்.

"அப்பா" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, விரல் ஏன் ஓடியதென்று. கல்வெட்டு எழுதிய கை. இரண்டு நாள் அந்தக் கையோடு கிடந்திருக்கிறேன்.

"வேறை ஆரும் கை தவறிப் போட்டிருக்கலாம்..." என்று ஐயா தொடங்கினார்.

"மூண்டு கோடு அப்பா மட்டும்தான். அம்மா செத்த பிறகு ஒண்டு கூட்டினவர்." பிறகு நாலாவது கேள்வியைக் காட்டினாள். "எனக்குத் தொய்வு எண்டு ஊரிலை ஆருக்குத் தெரியும்?"

கண்ணீர் வரவில்லை. கதிரையில் இருந்தபடி மெசினைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்:

"கேக்கவேண்டாம் எண்டனான். அவர் கேக்கேல்லை. ஊரைக்கொண்டு கேக்க வைச்சிட்டார். ஊரிலை ஆரேன் ஒருத்தன் பதில் வைச்சிருப்பான், கேட்டால் சொல்லுவான் எண்டு நினைச்சிருப்பார்."

அப்போதுதான் அந்த நோட்டீசை நான் இரண்டாம் முறை வாசித்தேன். சந்தியில் அதை வாசித்தவர்கள் ஊத்தைப் பேச்சு என்று வாசித்தார்கள். யார் சோறு தந்தது, தொய்வு வந்தபோது யார் பார்த்தது, உடுப்பு யாருடையது. தகப்பன் கேட்கிற கேள்வி. வீட்டுக்குள் கேட்க முடியாததை மதிலில் ஒட்டியிருக்கிறார்.

"அண்ணை" என்றாள் என்னைப் பார்த்து. "நான் சொன்னால் கோப்பீங்களோ?"

"என்னத்தை?"

"பதிலை. எழுதமாட்டன். எழுதினால் கடதாசி எங்கையாவது கிடக்கும். வாயாலை சொல்லுறன். ஒரே ஒரு தாள் அடிச்சுத் தாருங்கோ, அப்பாவுக்கு. முகத்தைப் பாத்துச் சொல்ல என்னாலை ஏலாது. அவராலை கேக்கவும் ஏலாது."

நான் ஐயாவைப் பார்த்தேன்.

"அவ சொல்லுறதைக் கோத்துக் குடும்" என்றார். "கடைசியிலை எங்கடை பேர் வரியைப் போடும்."

"ஒரு தாளுக்குமோ ஐயா?"

"ஒண்டெண்டாலும் எங்கடை வேலை."

தேவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலில் கதிரை போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்தார். வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொன்னார்.

பிரதி இல்லாமல் நான் கோத்தது அந்த ஒருமுறைதான். கண்ணால் என்றால் வாசிக்காமல் விடலாம். காதை என்ன செய்வது? அவள் முதலாம் பதில், இரண்டாம் பதில் என்று ஒழுங்காகச் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சொல்லெழுதுதல் கொடுக்கிற குரல். நான் வரியை முடிக்கும்வரை பொறுத்து அடுத்ததைச் சொன்னாள். நான் எடுக்கிற எழுத்து ஒவ்வொன்றும் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அந்த நாள்வரை ஈயத்துக்குப் பாரம் இருக்கிறதென்று நான் நினைத்ததில்லை.

ஏழாவது பதில் நாலு வரி. மூன்றாவது வரியில் என் கை நழுவியது. ஸ்ரிக் விழுந்தது. கோத்த எழுத்து முழுக்க நிலத்தில் கொட்டுண்டது. பழகின காலத்துக்குப் பிறகு எனக்கு அப்படி நடந்ததில்லை.

நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். என்ன சொல்லிக் கொட்டியது என்று மனதில் இருந்தது. ஆனால் அவள் சொன்ன சொல்லைத்தான் கோக்க வேண்டும். என் சொல்லைக் கோக்க முடியாது. என் சொல் ஏற்கெனவே ஒரு முறை போய் வந்தது காணும்.

"பிள்ளை" என்றேன். நிலத்தைக் காட்டினேன்.

அவளுக்கு விளங்கியது. கண்ணை மூடினாள். பிறகு அந்த நாலு வரியையும் முதலிலிருந்து சொன்னாள். அதே சொற்கள். அதே குரல். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒரு பெண்ணை அதை இரண்டாம் முறை சொல்லவைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் விட்ட பிழைகளில் அதுதான் பெரியது. ஐயா யன்னலைப் பார்த்து நிற்கத் தேவையில்லாத பிழை.

ஒன்பதும் முடிந்தது. பெயர் வரியை வைத்துப் பூட்டினேன். மையை உருட்டி, அந்த வெள்ளைத் தாளில் ஒன்றை நனைத்து வைத்துத் தூரிகையால் தட்டி எடுத்தேன். ஒரே ஒரு தாள். வாசித்துப் பார்த்தாள். சிவப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கி ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி போட்டாள். படிப்பிக்கிற ஆள். அந்தத் தாளிலேயே போட்டது. திரும்ப அடிக்க விடவில்லை.

"இனி இந்த எழுத்துகளை என்ன செய்வீங்கள்?"

"பிரிச்சு அந்தந்த அறையிலை போடுறது."

"இப்பவே போடுங்கோ."

நின்று பார்த்தாள். வரி வரியாகக் கழற்றி ஒவ்வொரு எழுத்தையும் அதன் அறையில் போட்டேன். மண்ணெண்ணெய்த் துணியால் கல்லைத் துடைத்தேன்.

"இனி ஒரிடத்திலையும் இல்லையோ?"

"உங்கடை கையிலை மட்டும்தான்."

"உங்கடை தலையிலை?"

"நாங்கள் வாசிக்கிறேல்லை, பிள்ளை."

பொய் என்று அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டினாள். போனாள். வாசலில் ஐயா எழும்பி நின்றார். முதலாளி ஆருக்கும் எழும்பி நான் காணவில்லை. மிஞ்சிய வெள்ளைத் தாளை அவர் அடுப்பில் போடச் சொன்னார். போட்டோம்.

இரண்டு நாள் கழித்துத் தேவன் சந்தியில் கண்டதை வந்து சொன்னான். கதிரவேலர் காலமை ஒரு வாளித் தண்ணீரும் சிரட்டையும் கொண்டுவந்து மதிலில் இருந்த நோட்டீசுகளை ஊறவைத்துச் சுரண்டினாராம். கோயில் மனேச்சர் சைக்கிளை நிற்பாட்டிக் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் ஏன் கதிரவேலர் கஷ்டப்படுறியள்? ஒட்டின நாயைக் கண்டுபிடிச்சுச் சுரண்டவைப்பம்."

கதிரவேலர் சுரண்டுவதை விடாமல் சொன்னாராம்: "அந்த நாய்தான் சுரண்டுது."

தேவன்கூட அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

ஊர் கதைப்பதை விடவில்லை. புதிதாகக் கதை கட்டினார்கள். யோகம் அச்சகத்துக்கு வந்துபோனது எப்படியோ வெளியில் தெரிந்துவிட்டது. கார்டுக்கு வருகிறவர்கள் என்னைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். "குணம், உனக்குத் தெரியும். சும்மா சொல்லு." இன்றைக்கும் ஒருவர் இரண்டு பேர் கேட்பதுண்டு. இதை வாசிக்கிற நீங்களும் கேட்பீர்கள். கேட்காதீர்கள். எப்படி வந்தாள், ஏன் விட்டார்கள் என்பது ஒன்பது பதிலிலும் இருந்தது. ஊர் சொன்ன கதை ஒன்றும் அதற்குப் பக்கத்திலும் போகவில்லை. அவ்வளவுதான் சொல்லலாம்.

அவள் ஊரை விட்டுப் போகவில்லை. பாலர் பாடசாலையில் இரண்டு பிள்ளைகளோடு வகுப்பு நடத்தினாள். பிறகு ஆறு. பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

யுத்தத்தால் எல்லோரும் ஊரை விட்டு வெளியேறின வருடத்துக்கு முந்தின மாரியில் கதிரவேலர் காலமானார். கல்வெட்டு எங்களிடம்தான் வந்தது. யோகம் தானே எழுதிக் கொண்டுவந்தாள். ஐயா வாங்கி என்னிடம் தந்தார். நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"பிள்ளை, அந்தத் தாள்?"

"மடிச்சுத் தலையணைக்குக் கீழை வைச்சிருந்தவர். அவரின்ரை நெஞ்சிலை வைச்சு அனுப்பிவிட்டன்."

பிரதியைப் பெட்டியின் மேல் வைத்தேன். உச்சியில் பிள்ளையார் சுழி. கீழே மூன்று கோடு.

எங்களிடம் இருந்த சுழி எழுத்துக்கு இரண்டு கோடுதான். ஈயக் கோடு ஒன்றை அளந்து வெட்டி, மூன்றாவதாகச் சேர்த்தேன். பிறகு அந்தக் கல்வெட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்து வாசித்துக் கோத்தேன்.